ஸ்டோர் ரூமில் அடித்த போன்

பாலக்கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் கேட்வே பெட்டியை வைக்கப் போயிருந்தேன். பெட்டியை மாட்டுவது சின்ன வேலை. எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எங்கே போகவேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் என் பிழைப்பு.

மேனேஜர் ஒன்றுதான் கேட்டார். "நம்பர் எதையும் மாத்திடாதீங்க மேடம். எல்லாருக்கும் பழகிப்போச்சு."

உள்ளே பேச மூன்று இலக்கம். வெளியே பேச முதலில் பூஜ்யம் போடவேண்டும். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

சீசன் முடிந்துவிட்டதால் ஆலையில் சத்தமே இல்லை. காலி டிரம்களுக்கு நடுவே புளித்த பழ வாடை மட்டும் நின்றது. கேட் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு என்கூட அறை அறையாக வந்தார். ஸ்டோர் ரூம் போனில் 108 என்று ஒட்டியிருந்தது.

"இத மாத்தியே ஆகணும்ணா," என்றேன். "ஆம்புலன்ஸ் நம்பரும் இதுதானே. அவசரத்துல யாராச்சும் பூஜ்யம் போடாம அடிச்சா கால் வெளியவே போவாது. இங்க வந்து அடிக்கும்."

கதவைப் பூட்டப் போனவர் பூட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"லேப்ல இருந்து அடிச்சாலுமா?"

"எங்க இருந்து அடிச்சாலும்."

பூட்டாமலே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேபில் கூழைச் சோதிக்கும் பெண் மட்டும் வந்திருந்தாள். மொரப்பூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. உள்ளே செல்போன் கூடாது என்பதால் அவளுடையது கேட்டில், இவர் மேசை டிராயரில் கிடந்தது. சாப்பிட இன்னும் வரவில்லையே என்று இவர் போய்ப் பார்த்தபோது தரையில் கிடந்தாள். உயிர் போயிருந்தது. லேப் போனின் ரிசீவர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரைக் கூப்பிட்டாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

"அன்னிக்கி இந்த ஸ்டோர்ல போன் அடிச்சுதும்மா," என்றார். "கேட்டு வரைக்கும் கேட்டுது. ஞாயித்துக்கெழம ஸ்டோர்காரர் வூட்டுலதான இருப்பாரு, யாரோ தெரியாம அடிக்கறாங்கன்னு வுட்டுட்டேன். அப்புறம் அதுவா நின்னுபோச்சு."

வேறு யாராவது அடித்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே ஆபீஸ் பக்கம் நடந்தேன்.

மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன மாத்தணுமோ மாத்துங்க," என்றார்.

ஸ்டோருக்கு வேறு எண் கொடுத்தேன். அவசர எண்கள் பூஜ்யம் இல்லாமலே வெளியே போகட்டும் என்று எழுதினேன். ஒரே வரிதான். அதைத் தட்டிவிட்டு லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து பின்னால் நின்றார்.

"ஏம்மா, அந்த நம்பர யாரு போட்டாலும் கேட்டுல எனக்கும் மணி அடிக்கற மாதிரி பண்ண முடியுங்களா?"

"முடியும்ணா." அதையும் சேர்த்தேன்.

சோதித்துப் பார்க்காமல் விட முடியாது. "சும்மா டெஸ்ட்டுதாண்ணா, நீங்க கேட்டுலயே இருங்க," என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். அந்த மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே ஒன்று, பூஜ்யம், எட்டு அழுத்தினேன்.

"சொல்லுங்க, என்ன அவசரம்?" என்றது ஒரு பெண் குரல்.

நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஹலோ, பேசுங்க, கேக்குதா?" என்று அந்தக் குரல் பதறிய பிறகுதான் புதுப் போனைச் சோதிக்கிறோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

வைப்பதற்குள் வராண்டாவில் யாரோ ஓடிவரும் சத்தம். வாட்ச்மேன்தான். செருப்பில்லாமல், மூச்சு வாங்க, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வெறும் தரையைப் பார்த்தார்.

"நான்தாண்ணா. டெஸ்ட்டுன்னு சொன்னேனே."

"தெரியும்மா," என்றார். "தெரிஞ்சுதான் வந்தேன்."

பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்கிறேன். சாப்பிடப் போனாலும் கேட் போன் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறார். எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது. போகிற ஆபீஸில் பூட்டிய கதவுக்குப் பின்னால் எங்காவது போன் அடித்தால், அது நிற்கும்வரை என்னால் நகர முடிவதில்லை.