பாட்டில்காரரும் பக்கத்து மனையும்

தெருவில் அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர். குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம், மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் கழுவும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றவர். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் ரகசியமா பேச முடியும்? பக்கத்தில் நிற்பவனிடம் மணி என்ன என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் உப்பு கேட்டால் தெருமுனை வீட்டில் ஜாடியைத் தேடுவார்கள் என்று அவர் வீட்டுக்காரியே கேலி செய்வாள்.

வீட்டுக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்படியில் ரேடியோ, கூடத்தில் டிவி, இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அந்த இரண்டுக்கும் மேலே அவள் தன் தங்கச்சியிடம் போனில் பேசுவாள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்களா, கொஞ்சிக்கொள்கிறார்களா என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் புரியாது. போதாக்குறைக்குப் பக்கத்து மனையில் மரம் அறுக்கும் பட்டறை வேறு. தெருவே அந்த வாளின் சத்தத்தைத் திட்டித் தீர்த்தது. இவர்கள் இருவரும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கவனித்ததுகூட இல்லை. பட்டறை மூடி மனை காலியான பிறகுதான், என்னமோ குறைகிற மாதிரி இருக்கிறதே என்று அவள் ஒருநாள் யோசித்தாள்.

அவள் போனது ஒரு காலை வேளையில். தங்கச்சியிடம் போனில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் சரிந்துவிட்டாள். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சி திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இவர் குளித்துக்கொண்டிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எடுத்துத் தொலையேன்டி!" என்று உள்ளே இருந்தபடியே கத்தினார். அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான், அதையும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அவர் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள் அழுதாள், தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். இவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். இங்கேயே இருக்கிறேன் என்றார். உள்ளுக்குள் எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. டீ போட்டால் ஆறிப்போகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு வாயில் இருப்பது தெரியும், என்ன சாப்பாடு என்பது தெரியாது. டிவியைப் போட்டுப் பார்த்தார். அதற்கு மேலே பேச ஆள் இல்லாத டிவி அவருக்கு டிவியாகவே படவில்லை, அணைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் தெருக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நல்ல காரியம் என்றுதான் சொல்ல வேண்டும், மனசறிந்து அவர்கள் யாரும் கெடுதல் நினைக்கவில்லை.

தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதன் செயலாளர் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். பயந்துபோய் வருகிறவர்களிடம் மெல்லப் பேசிப் பேசி, அவளுக்குக் குரலே தணிந்துபோயிருந்தது. துக்க வீட்டின் பக்கத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று அவள்தான் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தாள். ஒரு மாதத்துக்கு என்று பேச்சு. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். பைக் வைத்திருப்பவர்கள் அவர் வீட்டு வாசலை நெருங்கும்போது என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பால்காரர் மணி அடிக்காமல் பாக்கெட்டை வைத்துவிட்டு நழுவினார். ஒரு மாதம் முடிந்தது. தீர்மானத்தை எடுத்துவிடலாம் என்று முதலில் வாய் திறக்க யாருக்கும் மனசு வரவில்லை. அது அப்படியே நின்றுவிட்டது.

பாட்டில்காரருக்கு விஷயம் மெதுவாகத்தான் பிடிபட்டது. தெருவில் ஆள் நடமாடுகிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. காது போய்விட்டதோ என்று டாக்டரிடம் போனார். இந்த வயதுக்கு இப்படி ஒரு காதா என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். ஒருநாள் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டைப் பூனை மாதிரி கடந்து போவதைப் பார்த்தார். "இங்கயே விளையாடுங்கடா!" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார். கம்பெனிக் குரல். திட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் ஒரே ஓட்டம். சாயங்காலம் செயலாளர் வந்து மன்னிப்புக் கேட்டாள்.

"பசங்க தொந்தரவு பண்ணிட்டாங்களாம்ணா. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாங்க."

"இல்லம்மா, நான் விளையாடத்தான்..."

"நீங்க பெரிய மனசு பண்ணி அப்படிச் சொல்றீங்க" என்று கையில் கொண்டுவந்த சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள். தினமும் கொண்டுவருகிறவள் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் என்ன சண்டை பிடிப்பது?

அப்போதுதான் பக்கத்து மனையின் வேலியில் நகர அலுவலகத்தார் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். கோழி வறுவலும் ரொட்டியும் விற்கிற ஒரு பெரிய கம்பெனி அந்த இடத்தில் கடை போடப்போகிறது. காரில் வருகிறவர்கள் இறங்கவே வேண்டாம், மைக்கில் சொல்லி ஜன்னலில் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த மனை நகரத்து வரைபடத்தில் குடியிருப்புப் பகுதி என்று இருக்கிறது. வணிகப் பகுதி என்று மாற்றினால்தான் கடை வரும். மாற்றலாமா கூடாதா என்று நகரமைப்புக் குழு கூடி முடிவு செய்யும், ஆட்சேபணை இருக்கிறவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.

தெரு கொதித்துப்போனது. கார் வரும், புகை வரும், எண்ணெய் நாற்றம் வரும், பெருச்சாளி வரும், கண்டவனும் வந்து நிற்பான். சொன்னது எதுவும் பொய்யில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அந்தத் தெருவில் இருந்தார்கள். செயலாளர் ஒற்றைக் காலில் நின்றாள். பாட்டில்காரர் வீட்டுக்கும் வந்தாள்.

"உங்க வீட்டுச் சுவரை ஒட்டித்தான்ணா அந்த மைக்கு வருது. உங்களை வச்சுத்தான் நாங்க பேசப் போறோம். நீங்க வந்து உக்காந்தா போதும், ஒரு வார்த்தை பேச வேணாம்."

பாட்டில்காரர் தலையை ஆட்டினார். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற காலமாக இருந்தது அது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பென்ஷன் விஷயமாகப் பெரிய சாலைக்குப் போனவர், வெயில் தாங்காமல் அங்கே இருந்த அதே கம்பெனியின் இன்னொரு கடைக்குள் நுழைந்தார். உள்ளே காதைப் பிளந்தது. வறுக்கிற சட்டி சீறுகிறது, எங்கேயோ ஒரு மணி கீங் கீங் என்று விடாமல் அடிக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாகச் சிரிக்கிறார்கள், ஒரு குழந்தை தரையில் புரண்டு ஊரைக் கூட்டுகிறது. தொப்பி போட்ட பெண் ஒருத்தி நம்பரைச் சொல்லித் தொண்டை வறளக் கத்துகிறாள். பாட்டில்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்தார். வாங்கி வந்த ரொட்டியைக் கடித்தார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நாக்குக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரி போன பிறகு நாக்குக்கு ஒன்று தெரிந்தது அன்றுதான். இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கியும்விட்டார். மேசை துடைக்க வந்தவர் தட்டி எழுப்பும்வரை தூக்கம். வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், அந்தச் சந்தைக்கடையில் குறட்டை விட்டிருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இந்தக் கடை பக்கத்தில் வந்தால் அந்த வீட்டில் தன்னால் இருக்க முடியும். வராவிட்டால் முடியாது. அவருக்குச் சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை, இது தெரிந்தது, அவ்வளவுதான்.

நகர அலுவலகத்தின் கூட்ட அறையில் மின்விசிறிகள்கூடச் சத்தம் போடாமல் சுற்றின. மேடையில் குழுவினர், நடுவில் தலைவர். ஒரு பக்கம் டை கட்டிய கம்பெனிக்காரர், கடையின் வண்ணப் படத்தை ஒரு பலகையில் மாட்டி வைத்திருந்தார். பாட்டில்காரரை முதல் வரிசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்காரவைத்தார்கள். செயலாளர் எழுந்து பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். வாகனம், புகை, குழந்தைகள் என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் அவரைக் காட்டினாள்.

"இவரைப் பாருங்கய்யா. கூடவே இருந்த ஜீவன் போயிடுச்சு. இவருக்கு மிச்சம் இருக்கறதே அந்த வீட்டோட அமைதி ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதீங்க."

பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாட்டில்காரர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்துச் செயலாளருக்கே ஆச்சரியம்.

"எனக்குச் சத்தம் வேணும்" என்றார். அவர் சாதாரணமாகப் பேசியதே அறை முழுக்க அதிர்ந்தது. "கடை வரட்டுங்க. அந்த மைக்கு என் ஜன்னல் பக்கமே இருக்கட்டும். இந்த அமைதியில என்னால சோறு திங்க முடியல, தூங்க முடியல. எனக்கு அமைதி வேணாம்யா. பயமா இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? எழுதி வைத்துப் படித்தால்கூட இவ்வளவு வராது. செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"உக்காருங்கண்ணா, உக்காருங்க" என்று அவரை மெல்ல அமர்த்திவிட்டு மேடையைப் பார்த்தாள். "ஐயா, அவங்க போனதுல இருந்து இவர் இப்படித்தான். தன்னைத்தானே தண்டிச்சுக்கறார். இதைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுதும்மா. எங்க அப்பாவும் கடைசி காலத்துல இப்படித்தான் ஏதாவது பேசுவார்" என்றார். கம்பெனிக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறையில் ஒரே ஒரு கல்நெஞ்சுக்காரன் இருந்திருந்தால் அவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டிருப்பான். எல்லோரும் நல்லவர்களாகப் போய்விட்டார்கள்.

பாட்டில்காரர் மறுபடி எழவில்லை. எழுந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஒரு தடவை வாயைத் திறந்ததற்கே உள்ளே இருந்த தெம்பெல்லாம் செலவாகிவிட்டது அவருக்கு. அதற்குப் பிறகு நடந்ததை வேறு யாருடைய கூட்டத்தையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முடிவெடுத்தது. கடைக்கு அனுமதி உண்டு, ஆனால் நிபந்தனைகள் உண்டு. வாசலும் மைக்கும் மறுபக்கத்துச் சாலைக்குப் போக வேண்டும். தெருப்பக்கம் ஒரு வண்டியும் வரக் கூடாது. மனைவியை இழந்த பெரியவரின் நிலையை மனிதாபிமானத்தோடு கருதி, அவர் வீட்டை ஒட்டிய எல்லை நெடுகிலும், கூரைக்கு மேலே போகும் உயரத்தில், சத்தம் தடுக்கும் கனத்த சுவர் ஒன்றைக் கம்பெனி தன் செலவில் கட்டித்தர வேண்டும்.

சுவர் கட்ட ஆட்கள் வந்தார்கள். கலவை இயந்திரம் கடகடவென்று ஓடியது. கம்பி வெட்டுகிற சத்தம், மேஸ்திரி சித்தாளைத் திட்டுகிற சத்தம், யாரோ ஒருவன் மேலே நின்று சுருதி சேராமல் பாடுகிற சத்தம். பாட்டில்காரர் ஜன்னல் ஓரத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் தூங்கினார். டீயைச் சூடாகக் குடித்தார். மேஸ்திரியோடு இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேசினார். பாட்டில் கம்பெனிக் கதையெல்லாம் சொன்னார், வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னார். அவள் போன் பேசுவதை அவர் அபிநயம் பிடித்துக் காட்டியதில் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மத்தியானம் கலவை இயந்திரம் ஓடுகிற தைரியத்தில் பாட்டில்காரர் முதல்முறையாக அழுதார். கொஞ்ச நேரம்தான். மேஸ்திரி பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு நாள் வேலை இருக்கும் மேஸ்திரி?"

"அவ்வளவுதான் பெரியவரே. இன்னைக்கு மேல்வரிசை ஏறிடும். உங்களுக்கு விடுதலை."

மேல்வரிசை ஏறியது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் சாம்பல் நிறச் சுவர். பட்டறை இருந்த காலத்திலிருந்து அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த காற்றும், மறுபக்கத்துச் சாலையிலிருந்து லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த லாரிச் சத்தமும்கூட அதோடு நின்றுபோயின.

கடை திறந்த அன்று பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்களாம். பலூன் கட்டி, மைக்கில் பாட்டுப் போட்டு, தெருப்பிள்ளைகள் எல்லாம் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்களாம். எதிர்த்த பெரியவர்களும் ஒருநாள் பார்க்கலாமே என்று போய்த்தான் வந்தார்கள். செயலாளர் கையில் ஒரு பொட்டலத்தோடு பாட்டில்காரர் வீட்டுக்கு வந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து, சுவர்ப் பக்கமாகக் காது கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"அங்க அவ்வளவு ஆட்டம் நடக்குது. இங்க ஏதாவது கேக்குதாண்ணா?"

"ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார் பாட்டில்காரர்.

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.