கையெழுத்துப் போடாத அருளப்பன் அண்ணனும் ஒரு மீசைக் கிளாத்தியும்

அருளப்பன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, கராச்சர்மா ஊரில் உள்ள தன் வீட்டில்.

"அமைதியான மனிதர்" என்று யாராவது கமென்ட் போட்டால் டெலீட் செய்துவிடுவேன். அவர் அப்படி இல்லவே இல்லை...

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் தீவில், ஹேடோ பகுதியில் ஒரு கடல் சர்வே ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். அவர் தினக்கூலிக்கு முக்குளிப்பவர், தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்த குடும்பம்.

ஒருநாள் பவளப்பாறையில் ஆபீஸ் கேமராவைத் தவறவிட்டு, குதிகாலில் ரத்தத்தோடு வந்தார். கிளாத்தி மீன் துரத்திக் கடித்ததாம்.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த எங்கள் அதிகாரி, சாப், சிரித்தார். "மச்லி நே தௌடாயா? சப் ஜூட்!" மீன் துரத்துமா, எல்லாம் பொய்யாம். பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

அந்த மன்னிப்புக் கடிதத்தை அடித்தவள் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் படித்துக் காட்டச் சொன்னார். "பொய்யின்னு அடிச்சிருக்கியே தங்கச்சி, நீ கூட வந்து பாத்தியா?"

அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். பேனாவைத் தொடவே இல்லை மனிதர்.

நேரே சாப்பிடம் போனார். "அந்த மீனு முட்ட பொரியுறதுக்குள்ள ஒரு தடவ வாங்க சாப். பொய்யின்னா நானே போயிருதேன்."

போனோம். நான் படகில் இருந்தபடி, அடியில் கண்ணாடி பதித்த பெட்டி வழியாகப் பார்த்தேன். பவளத்துக்கு நடுவே மணலில் ஒரு குழி, அதில் முட்டைகள். அவற்றின் மேல் வாயால் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தது தாய் மீன். கை நீளம், மஞ்சளும் பச்சையுமாக, உதட்டுக்கு மேல் மீசை வரைந்த மாதிரி கறுப்புக் கோடு!

சாப் தண்ணீரில் இறங்கி அதன் அருகே போனதும், மீன் முதுகு முள்ளை நிமிர்த்தியது. அவர் பயந்து நேர் மேலே வந்தார்... எல்லோரும் செய்கிற தப்பு. குழிக்கு நேர் மேலே உள்ள தண்ணீர் முழுக்க அதன் காவல் எல்லைதான்.

"பக்கவாட்டுல போங்க சாப்!" படகிலிருந்து அண்ணன் கத்தியது அவருக்கு எங்கே கேட்டது? மீன் கடித்ததில், காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பில் ஒரு துண்டு போயிற்று.

படகில் ஏறியதும் சாப் கத்தினார். "மார் டாலோ உஸ்கோ!"

"அது வீட்ட அது காக்குது சாப். நான் கொல்ல மாட்டேன்."

வேலை போகவில்லை. கடிதத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இத்தனை வருஷமாக.

அந்தக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. "நான் சொன்னது பொய், மன்னிக்கவும்." அதன் கீழே இன்று என் கையெழுத்தைப் போட்டேன்.

போய்ட்டு வாங்க அண்ணே. அங்கேயும் எவன் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க.