பிரசிடென்றுக்குப் போர்த்திய சால்வை

ஸ்காபரோவில் சனிக்கிழமை காலையில் எந்த ஐஸ் மைதானத்துக்குள் போனாலும் என்னைத் தெரியாதவர் இருக்கமாட்டார். இருந்தால், அவர் அன்றைக்குத்தான் கனடாவில் வந்து இறங்கியிருப்பார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ரூஜில் பெரிய வீடு, தரை பதிக்கிற கொம்பனி, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்குத் தலைவர். என்னைப்போல ஒரு தலைவர் அந்தக் கழகத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் வரப்போவதில்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் பேசி முடிந்ததும் யாராவது சால்வையோடு கிட்ட வந்தால் எனக்கு முகம் வேர்த்துவிடும். வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போவேன். சனம் அதை அடக்கம் என்று நினைக்கிறது. அடக்கத்துக்கும் எனக்கும் தூரம்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், மேகம் முட்டுகிற கட்டடம் ஒன்றின் ஓர் அறை வீட்டில் அப்பா, அம்மா, மாமா, நான். மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு வந்தவர். ஆகவே கனடாவைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. வெளியே உணவகத்தில் கோப்பை கழுவினார். வீட்டுக்குள் அவர்தான் பிரதம மந்திரி.

பக்கத்துப் பூங்காவில் பனிக்காலத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிடுவார்கள். யாரோ கழித்துவிட்ட ஸ்கேற்றுக்குள் பழைய காலுறைகளைத் திணித்துக்கொண்டு நான் அங்கே ஓடுவேன். மற்றப் பிள்ளைகள் விழுந்து எழும்பிக்கொண்டிருக்க, நான் விழாமல் ஓடியதை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பல நாள் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். அவர்தான் பிரசிடென்ற். எங்கள் பகுதியை அடுத்த பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கழகத்தின் தலைவர். ஒருகாலத்தில் பேக்கரியின் பாண் வான் ஓட்டியவராம். ஏழைப் பிள்ளைகளும் விளையாடவேண்டும் என்று நகரசபையின் படிகளில் ஏறி ஏறி மைதானங்களை வாங்கிக்கொடுத்தவர். அவர் கூட்டத்துக்கு வந்தால் மற்றக் கழகத் தலைவர்கள் எழுந்து நிற்பார்களாம்.

அவர் கொண்டுவந்த விதி ஒன்று இருந்தது. கழகத்தின் எல்லைக்குள் வீடு உள்ள பிள்ளைதான் அந்தக் கழகத்துக்கு விளையாடலாம். வசதியான கழகங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போவதைத் தடுக்க அவரே சண்டை பிடித்துக் கொண்டுவந்த விதி. அந்த வருசம்கூட ஒரு டொக்டரின் மகனை, வீடு எல்லைக்கு வெளியே என்று கண்டுபிடித்து, பாதியில் திருப்பி அனுப்பியிருந்தார்.

எங்கள் வீடும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் என்னைச் சேர்க்க அப்போது ஒரு கழகமும் இல்லை. அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். மாமாவைத் தனியே கூப்பிட்டு, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்லவேண்டாம், தனக்கு நன்றியும் சொல்லவேண்டாம் என்றார். மாமாவுக்கு அது நன்றாகவே விளங்கியது. விளங்கிய மாதிரிதான் கோளாறு.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் அம்மா மாலை கட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த மனிசன் வேண்டாமெண்டெல்லோ சொன்னது?"

"அக்கா, ஒருத்தர் வீட்டை போறாய். தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டா உடனே ஓமெண்டுவியோ?"

"சீ, எப்பிடிச் சொல்லுறது?"

"வேண்டாமெண்டுதானே சொல்லுவாய். பிறகு குடிச்சிட்டுத்தானே வருவாய். பெரிய மனிசரும் அப்பிடித்தான். நாங்கள்தான் வற்புறுத்திச் செய்யவேணும்."

அப்பா தலையாட்டினார். பெட்டியின் அடியில் கிடந்த அவருடைய கலியாணச் சால்வை வெளியே வந்தது.

அடுத்த நாள் ஆட்டம் முடிந்ததும் ஐசின்மேல் சிவப்புக் கம்பளம் விரித்து, பரிசுக் கிண்ணங்கள் வைத்த மேசையும் மைக்கும் கொண்டுவந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். பார்வையாளர் வாங்குகளில் தாய் தகப்பன்மார். அப்போது விளையாட்டுக்காரர் வருகிற வாசலால் மாமா வந்தார். மேலே குளிர் ஜக்கெற், கீழே பட்டு வேட்டி. வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். அவருக்கு அது மேடை. மேடையில் சப்பாத்தோடு ஏறலாமா?

காலுறையோடு கம்பளத்தில் நடந்தவர் மேசையைச் சுற்றிப்போக ஓர் அடியை வெளியே வைத்தார். இரண்டு காலும் மேலே போயின. மாலை கையை விட்டுப் பறந்து, ஐசில் வழுக்கிக்கொண்டு போய் நேரே கோலுக்குள் விழுந்தது. எங்கள் ரீமில் ஒருவன் கோல் என்று இரண்டு கையையும் தூக்கினான். மைதானமே சிரித்தது. உன் ஆளா என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். ஓமென்று தலையாட்டினேன். ஹெல்மெற்றை இழுத்துக் கண்ணை மறைத்தேன்.

பிரசிடென்ற் ஓடிவந்து மாமாவைத் தூக்கிவிட்டார். சால்வையைக் கண்டதும் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மாமா விடவில்லை. போர்த்தினார். போர்த்திவிட்டு மைக்கை எடுத்தார்.

உணவகக் குசினியில் பழகிய ஆங்கிலத்தில் மாமா பேசினார். எங்கள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். சட்டப்படி இந்தப் பிள்ளை இங்கே விளையாட முடியாது. இந்த மகான் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் பிள்ளையை எடுத்தார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றுகூடச் சொன்னார், அவ்வளவு பெரிய மனது!

சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் ஆங்கிலம்தான் காரணம் என்று நான் இன்னும் குறுகிப்போனேன்.

வாங்கிலிருந்து ஒருவர் எழும்பி, எந்தத் தெரு என்று கேட்டார். மகனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன அந்த டொக்டர்தான். மகன் இப்போது எதிர் ரீமில். தன்னையும் ஒருவர் விசாரிக்கிறார் என்ற மகிழ்ச்சியில் மாமா தெரு, கட்டடம், மாடி, கதவிலக்கம் எல்லாம் சொல்லி, கட்டாயம் ஒருநாள் தேத்தண்ணிக்கு வரவேண்டும் என்று கையெடுத்தும் கும்பிட்டார்.

பிரசிடென்ற் மைக்கை வாங்கினார். இவர் சொன்னது எல்லாம் உண்மை என்றார். சால்வையைக் கழற்றாமலே ஒவ்வொரு பிள்ளைக்கும் கிண்ணம் கொடுத்தார். இதைக் கழற்றித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது நான் மாமாவுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன்.

"ஏன்ரா மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? விழுந்தது நான். உனக்கே நோகுது?" என்றார்.

அடுத்த பருவத்தில் அங்கே வேறொரு பிரசிடென்ற். எனக்கு இடமில்லை என்றார்கள். வேட்டியோடு விழுந்தவரின் மருமகனை யார் சேர்ப்பார்கள் என்று நான் அதற்கும் மாமாவின் காலுறையையே திட்டினேன். பிறகு நானே ஒரு கழகத்தின் கதிரையில் இருந்து, எல்லைக்கு வெளியே வீடுள்ள பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு முகம் கொடுத்தபோதுதான், அன்றைக்கு வழுக்கி விழுந்தது யார் என்று தெரிந்தது. தன் விதியை ஒரேயொரு தடவை மீறிய மனிதரை நாங்கள் மைக் பிடித்துப் பாராட்டியிருக்கிறோம்.

மாமா விழுந்த அந்த வருசக் கோடையில், தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் பழைய பிரசிடென்றைக் கண்டோம். கையில் தக்காளிக் கன்றுகள். மாமா துள்ளி எழும்பி இடம் கொடுத்தார். அவர் என் தலையைத் தடவி, ஓட்டத்தை விட்டுவிடாதே என்றார். தனக்கு இப்போது சனிக்கிழமைகளில் வேலை இல்லை, தோட்டம் செய்வதாகச் சொன்னார்.

மாமாவுக்குப் பெரிய சந்தோசம். என் காதுக்குள் சொன்னார்: "பாத்தியே, எங்கடை மரியாதையை மனிசன் மறக்கேல்லை. உழைச்சது காணும், இனி ஆறியிருக்கட்டும்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த கதையை எடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் எடுக்கவில்லை. கன்றுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கிப் போனார். மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார், தப்பினோம் என்று நினைத்துக்கொண்டேன்.