பின்பக்கம் நேட்டிவ்ஸ், பாதி விலை

ஸ்பிரிங்வேல் ஸ்ரேஷனில் இறங்கி, நான் வேலை செய்யும் நூலகத்துக்கு நடக்கிற வழியில் ஒரு பூங்கன்றுக் கடை இருக்கிறது. ஒருநாள் காலை அதன் வாசலில் பலகை வைத்து, சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'பின்பக்கம் நேட்டிவ்ஸ், பாதி விலை.' கையில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நேட்டிவ்ஸ் என்றால் நாங்கள். எங்களைப் பாதி விலைக்கு விற்கிற கடையையும் பார்த்துவிடுவோம் என்று உள்ளே போனேன். கடைக்காரர் மண் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி, நேட்டிவ்ஸ் தேடி வந்தீர்களா என்று கேட்டார். "எங்கள் நாட்டில் நானே ஒரு நேட்டிவ்தான்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் அதிகம் விடாதீர்கள், வேர் அழுகிவிடும்" என்றார். பின்பக்கத்தில் யூக்கலிப்ரஸ் கன்றுகளும், மஞ்சளாய்ப் பூக்கும் 'வற்றில்' என்கிற மரக் கன்றுகளும் தகர டப்பாக்களில் நின்றன. இந்த மண்ணில் தானாக முளைத்த செடிகளுக்கு இங்கே அதுதான் பெயராம். இந்த எழுபதுகளில் இந்த ஊர்க்காரர்களுக்கு ரோஜா அலுத்து, வீட்டுக்கு வீடு நேட்டிவ்ஸ் நடுகிற மோகம் பிடித்திருக்கிறது.

அந்தச் சொல்லை நான் முதலில் சந்தித்தது யாழ்ப்பாணத்தில், எங்கள் மிஷன் பாடசாலையின் புத்தக அலுமாரியில். விக்ரோறியா மகாராணி காலத்துச் சாகச நாவல்கள் அதில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. கப்பல், புயல், ஆளில்லாத் தீவு, தொலைந்துபோன சுரங்கம், முதல் பக்கத்தில் மடித்து ஒட்டிய வரைபடம். பெரியபிள்ளையான பிறகு வாசல் படலைக்கு வெளியே தனியே போகக்கூடாது என்று வீட்டில் கட்டளை. ஆகவே நான் படலையைத் திறக்காமலே தென்கடலுக்குப் போய்வந்தேன். அந்த நாவல்களில் என்னைப் போன்ற நிறக்காரர் வருவார்கள்தான். பொதி சுமப்பார்கள், ஒரு வரி பேசுவார்கள், பாதிக் கதையில் செத்துப்போவார்கள். நான் அவர்களோடு கரையில் நிற்கவில்லை. கப்டனோடு படகில் வந்தேன். ஒரு புத்தகத்தில், கப்டன் படகின் முனையில் எழுந்து நின்று கரையை நோக்கி வருகிற படம் ஒன்று இருந்தது. அவருடைய முகத்துக்குப் பென்சிலால் மெல்ல மெல்ல நிறம் தீட்டி, என் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிடிபட்டபோது, அந்தத் தவணை முழுக்கப் புத்தகம் தரமாட்டோம் என்றார்கள். இன்றுவரை நான் அதற்காக வருந்தியதில்லை. படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

கணவர் வரதனுக்கு டண்டினோங் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியர் வேலை கிடைத்து நாங்கள் இந்தக் கங்காரு நாட்டில் நோபல் பார்க்குக்குக் குடிவந்தபோது, ஆங்கிலம் எனக்குப் பிரச்சினையாக இராது என்று நினைத்திருந்தேன். என் ஆங்கிலம் நூறு வருடம் பிந்திய கப்பலில் வந்தது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பஸ் சாரதியிடம் "ஐயா, இவ்வண்டி எவ்விடம் நோக்கிச் செல்கிறது?" என்கிற மாதிரிக் கேட்பேன். அவர் நான் கேலி செய்கிறேன் என்று முறைப்பார். நூலகத்தில் ஆறுமாதத் தவணைக்கு உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், தலைமை நூலகர் மார்ஜரியிடம் "தங்கள் ஆணைக்குக் காத்திருக்கிறேன், மடம்" என்று சொல்லிவைத்தேன். நல்ல மனுஷி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேநீர் போடத் தெரியுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னை 'டியர்' என்றுதான் கூப்பிடுவாள். யோகேஸ்வரி என்ற பெயர் அவளுடைய வாயில் ஏறவேயில்லை. ஆனால் தவணை முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று எழுதித் தரவேண்டியவள் அவள்தான். அந்த வேலை எனக்கு வேண்டும். புத்தகங்களுக்கு நடுவில் இருக்கச் சம்பளமும் தருகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, மார்ஜரி வெறும் அட்டைப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூலை அலுமாரிக்குப் போனாள். நானும் உதவப் போனேன். அங்கே இருந்தவை எனக்குப் பழக்கமான புத்தக முதுகுகள். நீலத் துணி அட்டை, பொன் நங்கூரம், மங்கிய பாய்மரம். படலைக்குள் இருந்து நான் வாசித்த அதே நாவல்கள். "இவற்றைக் கழிக்கப் போகிறேன், டியர்" என்றாள். "நேட்டிவ்ஸ் என்று எவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் உங்களை நிற்கவைப்பதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது." கண் கலங்கித்தான் சொன்னாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. கோபம் வந்தது.

அன்று பின்னேரம் வரதனிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடியே, "நீர் சும்மா இரும். பழைய புத்தகத்துக்காக வேலையை விடப் போறீரோ?" என்றார்.

"அவ எனக்காக எண்டு சொல்லி எறியிறா. என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"அவ நல்லதுக்குத்தானே செய்யிறா."

"ஓம், நல்லதுக்குத்தான். அதுதான் எனக்குப் பத்தி எரியுது."

குசினியில் புட்டு அவியும்வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் கதைகளில் அப்படி என்னதான் இருக்கிறது? எழுதியவர்களின் சாம்ராச்சியம் போய்விட்டது. எழுதிய விதத்தில் பொய்யும் திமிரும் உண்டு. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டும் ஏன் விடமுடியவில்லை? எனக்குத் தோன்றிய காரணம் எளியது. அந்தக் கதைகளில் ஒருவர் வீட்டை விட்டுப் புறப்படுவார். முதல் அத்தியாயத்தில் தயங்குவார், இரண்டாம் அத்தியாயத்தில் கப்பலில் இருப்பார். ஆர் என்ன சொல்வினம் என்று பார்ப்பதில்லை, சாதகம் பார்ப்பதில்லை, விசா வரிசையில் நின்று நெஞ்சுக்கு எக்ஸ்றே படம் எடுப்பதில்லை. ஊரிலே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் ஒவ்வொன்றாக எட்டாமல் போய்க்கொண்டிருந்த நாளில், மூன்று பெட்டியோடு முன்பின் தெரியாத ஒரு கண்டத்துக்குப் போகலாம் என்று வரதன் பயந்து பயந்து சொன்னார். உடனே சரி சொன்னது நான்தான். அந்தத் துணிச்சலை எனக்கு ஆர் தந்தது? புறப்படலாம் என்று எனக்கு முதலில் சொன்னவை இந்தப் புத்தகங்கள். எழுதியவர்கள் என்னைக் கரையில் நிற்கவைத்துத்தான் சொன்னார்கள். நான் ஏறிக்கொண்டேன். அதை இனிப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

மறுநாள் போனபோது நான்கு பெட்டி நிரம்பியிருந்தது. பயந்துகொண்டுதான் பேசினேன். "மார்ஜரி, இவற்றை எனக்காக எறியவேண்டாம்."

"உங்களைப் புண்படுத்துகிற புத்தகங்கள், டியர்."

"என்னைப் புண்படுத்துபவை எவை என்று நான் சொல்லவேண்டும். ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் நேட்டிவ்ஸைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். அதைப் பார்த்தும் நான் சாகவில்லை."

அவள் திகைத்தாள். பிறகு, "அவை செடிகள்" என்றாள் மெதுவாக.

"நாங்களும் ஒருகாலத்தில் அந்தச் சொல்தான். இந்தப் புத்தகங்களை எறிந்துவிட்டால், அந்தச் சொல் எங்கிருந்து எங்கே வந்தது என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. உங்களுடைய ஆட்கள் எழுதினார்கள். நாங்கள் வாசித்தோம். எழுதியவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் வாசித்தவர்களுக்குப் பங்கு இருக்கிறது."

இவ்வளவும் என் பழைய கப்பல் ஆங்கிலத்தில்தான் வந்தது. 'ஐ இம்ப்ளோர் யூ', தங்களை இறைஞ்சுகிறேன், என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. மார்ஜரி இம்முறை சிரிக்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிறுவயதில் தன் தகப்பன் இவற்றைத்தான் தனக்கு உரத்து வாசித்தார் என்றும், இவற்றில் அவர் எதைக் கண்டார் என்று நினைத்தால் இப்போது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அது அவளுடைய பங்கு, அதை அவள்தான் தீர்க்கவேண்டும். கடைசியில் எழுந்து, "சரி, யோகேஸ்வரி. இவற்றுக்கு நீங்களே பொறுப்பு. உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆராவது முறைப்பாட்டோடு வந்தால் உங்களிடம்தான் அனுப்புவேன்" என்றாள். பெயரின் நடுவில் ஒருமுறை தடுக்கினாள், ஆனாலும் முழுக்கச் சொன்னாள். இரண்டு கிழமை கழித்து வேலையை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது. வரதன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நீர் கெட்டிக்காரிதான்" என்றார். வாழ்க்கையில் அவர் இப்படிச் சொல்வது அரிது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் வற்றில் கன்று ஒன்றும் வாங்கி நட்டோம். கடைக்காரர் சொன்னபடியே தண்ணீர் அதிகம் விடவில்லை.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் அந்தப் புத்தகம் கையில் அகப்பட்டது. அதே படம். படகின் முனையில் கப்டன் நின்றார். இங்கே எவரும் கைவைக்காததால் முகம் வெள்ளையாகவே இருந்தது. காதில் செருகியிருந்த பென்சில் தானாகக் கைக்கு வந்தது. சம்பளம் வாங்கும் நூலக உத்தியோகத்தர் நூலகப் புத்தகத்தில் கிறுக்கக்கூடாது, தெரியும். ஆனாலும் குனிந்தேன். அப்போதுதான் படத்தின் மறு ஓரத்தைப் பார்த்தேன். கரையில் ஈட்டியோடு ஒரு கூட்டம் நிற்கிறது. கப்டனுடைய பொத்தான்களைக்கூட ஒவ்வொன்றாக வரைந்த ஓவியர், அவர்களுக்குக் கண்ணோ மூக்கோ வாயோ வைக்கவில்லை. வெறும் கறுப்பு நிழல்கள். யாழ்ப்பாணத்தில் இந்தப் படத்தோடு எத்தனை பின்னேரம் இருந்திருப்பேன், இது என் கண்ணில் படவேயில்லை. இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. இந்தக் கரையில் முதலில் நின்ற பூர்வகுடிகளின் பிள்ளைகள் ஒருவரையும் நான் இன்னும் சந்தித்ததில்லை. நேட்டிவ்ஸ் என்று எனக்கு இங்கே காட்டப்பட்டவை தகர டப்பாவில் நின்ற கன்றுகள் மட்டும்தான். கரையில் நின்று பார்த்தால் நான் படகில் வந்தவள். படகுக்காரர் திரும்பிப் பார்த்தால் நான் கரையில் நின்றவள். கப்டனுக்கு என் நிறத்தைக் கொடுக்க எனக்கு ஒரு பென்சில் போதுமாயிருந்தது. படத்தில் கரையில் நின்ற இவர்களுக்கு நிறம் ஏற்கனவே இருந்தது, முகம்தான் இல்லை. அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், பென்சில் முனையைத் தாளில் படவிடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.