அம்பு நகராத வெள்ளிக்கிழமை

பெரியப்பா பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் எதையாவது முடித்துவிட்டுத்தான் போவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் முடிக்க வந்தது அக்காவின் கல்யாணத்தை. வரன் தேடும் இணையதளத்தில் அவள் விவரங்களைப் பதிந்துவிட்டால் தைக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார் என்பது அவர் நம்பிக்கை. அக்காவுக்கோ எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், அதைப் பெரியப்பாவிடம் சொல்லத்தான் ஆளில்லை. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அப்பாவின் பழக்கத்திலேயே கிடையாது.

எனக்கு ஒன்பது வயது. கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை. ஆகவே நான் பெரியப்பா கட்சி.

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஒன்பதேகாலுக்கே அவர் ஜாதகமும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அது அப்பாவின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய பெட்டி. வைரஸ் தொல்லை தாங்காமல் அக்காதான் அதில் லினக்ஸ் என்னும் வேறு இயங்குதளத்தைப் போட்டிருந்தாள். திரை ஒழுங்காக வந்தது. மௌஸை நகர்த்தினார், அம்பு அசையவில்லை. கீபோர்டைத் தட்டினார், ஓர் எழுத்தும் விழவில்லை.

பெரியப்பா மௌஸைக் கவிழ்த்து ஊதினார், வேட்டி நுனியால் துடைத்தார். முன்பக்கம் செருகியிருந்த வயர்களைப் பிடுங்கிப் பின்பக்கம் செருகினார். அப்பா பக்கத்து வீட்டுக்கு ஓடி அவர்களுடைய மௌஸையும் கீபோர்டையும் வாங்கி வந்தார். அவையும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் உயிரை விட்டன. அம்மா ஒரு ஊதுபத்தி ஏற்றி வைத்தாள்.

"நிறுத்தி மறுபடி போட்டுப் பாருங்க பெரியப்பா," என்றாள் அக்கா. வீட்டிலேயே மிகப் பொறுமையானவளாக அன்று அவள்தான் இருந்தாள்.

நிறுத்திப் போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். முதலில் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வருமே, அதில் கீபோர்டு வேலை செய்தது. பட்டனைத் தட்டினால் பட்டை மேலும் கீழும் போனது. வண்ணத் திரை வந்த பிறகுதான் எல்லாம் சாகிறது.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு பெரியப்பா! உள்ளேதான் ஏதோ தப்பு!" என்று கத்தினேன். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

மணி பத்தரை. "சகுனம் சரியில்ல," என்று பெரியப்பா ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த வெள்ளிக்குள்ள சரி பண்ணி வை. நான் போன் பண்றேன்" என்று அப்பாவிடம் சொன்னார்.

சாயங்காலம் அக்கா அதே கறுப்புத் திரையில் ஏதோ தட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெட்டி மறுபடி எழுந்தபோது அம்பு துள்ளி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில், "அக்கா ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டாப்பா!" என்று போட்டு உடைத்தேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அக்காவைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

"அப்படியா?" என்றார் அப்பா. பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

பிற்பாடு நானும் லினக்ஸில் வேலை பார்க்க வந்த பிறகுதான் தெரிந்தது. திரை வரும்போது ஓடும் கட்டளைகளில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும், மௌஸும் கீபோர்டும் அடங்கிவிடும். அந்த வரியை எடுத்துவிட்டால் உயிர் வந்துவிடும். அதை எழுதவும் எடுக்கவும் எங்கள் வீட்டில் தெரிந்தவள் ஒருத்திதான். அப்பாவுக்கு லினக்ஸ் தெரியாது, ஆனால் மகளைத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பாவின் போன் வந்தபோது நான் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினார். திரை அவர் கண்ணெதிரே இருந்தது.

"இன்னும் சரியாகலண்ணே. மௌஸும் ஓடல, கீபோர்டும் ஓடல." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டார். "இல்லண்ணே. சரியானாலும் இப்ப வேணாம். அவ படிக்கட்டும்."

"ஓடுதே பெரியப்பா!" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். உண்மையைச் சொன்னதற்கு இப்படியா என்று எனக்கு அழுகை வந்தது. அடுப்படி வாசலில் அக்காவும் அழுதுகொண்டு நின்றாள். எனக்குப் பரிந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா பொய் சொன்னது மட்டுமே என் காதில் விழுந்திருந்தது. அவர் அண்ணனிடம் முதன்முதலாக 'இல்லை' என்று சொன்னது விழவேயில்லை.