ரேடியேட்டரில் ஊற்றிய ரப்பர் பால்

ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்த வருஷம் என் கணவர் கார் வாங்கினார். குலசேகரம் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறும்போது நாயைச் சமையற்காரன் தலையிலும் காரை என் கணவர் தலையிலும் கட்டிவிட்டுப் போனார். சமையற்காரன் அதிர்ஷ்டக்காரன். நாய்க்கு அவ்வளவு வயதாகியிருக்கவில்லை.

அன்றிலிருந்து என் கணவர் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டார். திருவட்டாற்றில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த சந்தைக்கும் காரில்தான் போவார். கார் கிளம்பாத நாளில் அவரும் கிளம்பமாட்டார். "காரு வச்சிருக்கியவன் பஸ்சுல போனா நாலு பேரு சிரிக்க மாட்டானுவளா?" என்பார். ஊரில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவர் காதில் மட்டும் விழவில்லை.

வாங்கிய சில மாதங்களில் கார் ஒழுக ஆரம்பித்தது. கிளம்பும்போது நிறைத்த தண்ணீர், அழகியமண்டபம் போவதற்குள் காணாமல் போய்விடும். எஞ்சின் கொதித்துப் புகையும். நின்ற இடத்தில் யார் வீட்டுக் கிணறென்று பார்க்காமல் இறைத்து ஊற்றிக்கொண்டு மறுபடியும் புறப்படுவார். இதையும் அவர் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அந்தக் காரைப் பற்றிக் கவலைப்படும்படி ஒரு காரியம் வந்தது. நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாரம்மா வேலை காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாத்தியார் பயிற்சி முடித்து, சர்டிபிகேட்டைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு அடுப்பூதிக்கொண்டிருந்தவள் நான். பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மதாம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: அடுத்த திங்கட்கிழமை வர வேண்டும், கணவனும் கூட வந்து, தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமானவளுக்கு வேலை கிடையாது. முன்பு ஒருத்தியை அவள் புருஷன் வகுப்பு நடக்கும்போதே வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டானாம். எனக்கு அடுத்தபடியாக இன்னொருத்தியும் அந்த வேலைக்குக் காத்திருந்தாள்.

"வாறேன், காரு ஓடிச்சுன்னா வாறேன்" என்றார் என் கணவர். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

காருக்கு வைத்தியம் பார்க்க அவருடைய சிநேகிதர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அவர். இருவரும் காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காப்பி கேட்டார்கள். ரேடியேட்டருக்கு நேர் கீழே சொட்டு விழுந்திருந்ததைக் கண்டார்கள். ரைட்டர் குடைக்காம்பால் ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஓட்டையாக்கும்" என்றார். என் கணவர், "நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார். குனிந்து பார்க்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. வேட்டி அழுக்காகிவிடும்.

அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எது ஓட்டையானாலும் ரப்பர் பாலைப் பூசுவார்கள். குடை கிழிந்தால் ரப்பர் பால், தோண்டி ஒழுகினால் ரப்பர் பால், கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்றுப் போனாலும் ரப்பர் பால். மரம் வெட்டுகிறவன் காலில் கத்தி பட்டால்கூட முதலில் அதைத்தான் தடவுவார்கள். ரைட்டர் சொன்னார்: "ஒரு செம்பு பாலு உள்ள ஊத்தினா போரும். அதுவே ஓட்டையத் தேடிப் போயி அடைச்சிரும்."

"உள்ள வெள்ளம் போற குழாயும் ஓட்டைதானே? அதையும் அடைச்சிராதா?" என்று நான் கேட்டேன்.

ரைட்டர் சிரித்தார். "பொம்பிளையளுக்கு எஞ்சின் காரியம் என்ன தெரியும்?" என்றார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் மீசை இருந்ததால் அது பெரிய குறையாகப் படவில்லை. நல்ல வேளையாக அன்றைக்கு எடுத்த பாலெல்லாம் ஷீட்டாக உறைந்து, காய்வதற்குப் புகைக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இருவரும் ரைட்டரின் வில்வண்டியில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் காரின் எஞ்சின் மூடியைத் தூக்கினேன். பெரிய படிப்பெல்லாம் தேவைப்படவில்லை, கண் இருந்தால் போதுமாக இருந்தது. ரேடியேட்டரையும் எஞ்சினையும் சேர்க்க மேலே ஒரு ரப்பர் குழாய், கீழே ஒரு ரப்பர் குழாய். எல்லாவற்றையும் பழந்துணியால் ஈரம் போகத் துடைத்தேன். பிறகு அரிசி மாவை எடுத்து எல்லா இடத்திலும் தூவினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒன்றும் ஒழுகவில்லை. சூடானால்தான் ஒழுகும் போலிருக்கிறது என்று தோன்றியது. அதை வடித்துவிட்டு, குளிக்கப் போடும் செம்புப் பானையில் வெந்நீர் வைத்து ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழ்க்குழாய் மாட்டியிருந்த இடத்தில் மாவு கூழானது. அங்கே கசிந்த தண்ணீர் அடித்தகடு வழியாக முன்னால் ஓடி ரேடியேட்டருக்கு அடியில் வந்து சொட்டியது. ரேடியேட்டரில் ஓட்டையே இல்லை. இரண்டு பண்டிதர்கள் இவ்வளவு காப்பி குடித்துக் கண்டுபிடித்த ஓட்டை!

தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். முனை வெடித்திருந்தது. வெடித்த பாகத்தை மட்டும் அரிவாள்மனையில் நறுக்கி எறிந்தேன். மிச்சம் இருந்த நீளம் போதுமானதாக இருந்தது. அதை மறுபடி இறுக்கிச் செருகி, செம்புக் கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினேன். மறுபடியும் வெந்நீர் ஊற்றி, அடியில் காகிதம் விரித்துவிட்டுச் சமைக்கப் போனேன். சாப்பாடெல்லாம் ஆன பிறகு வந்து பார்த்தபோதும் காகிதம் காய்ந்தே கிடந்தது.

கல்யாணத்திலிருந்து வந்தவரிடம் சொன்னேன். அவரே கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றி ஓடவிட்டு, முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "ம்" என்றார். கார் நன்றாகிவிட்டதென்று சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். ரைட்டர் கையில் காலி வாளி இருந்தது. என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பித்தளை விளிம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு வழிந்தது.

"என்னத்துக்கு? ஒழுக்குதான் நின்னு போச்சே!"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்காக்கும்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. கார் ஒழுகினாலும் அவருக்குப் பரவாயில்லை. பொண்டாட்டி அடைத்த ஒழுக்கு அடைந்தே இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா! ஆனால் வாயைத் திறந்தால் அவர் வரமாட்டார். பேசாமல் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். ரைட்டரும் முன்னால் ஏறிக்கொண்டார்.

தக்கலை தாண்டியதும் ரேடியேட்டர் மூடியிலிருந்து புகை வந்தது. காரை ஓரம் கட்டினார்கள். துணியால் பிடித்து மூடியைத் திறந்தால், உள்ளே திரிந்த பால். என் கணவர் குச்சியை விட்டு இழுத்தார். இடியாப்பம் போல ரப்பர் நூல் நூலாக வந்தது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ரைட்டர் அதில் கொஞ்சத்தைக் கிள்ளி விரலால் நீட்டிப் பார்த்து, "நல்ல தரமான பாலாக்கும்" என்றார்.

நாகர்கோவில் பஸ் வந்தது. நான் நடுரோட்டில் போய்க் கைகாட்டி நிறுத்தினேன்.

"ஏறுங்க."

"காரை வழியில போட்டுட்டா?"

"ரைட்டர் பாத்துக்கிடுவாரு. அங்க உங்களத்தானே கேப்பாவ? நீங்க வராம எனக்கு வேலை தர மாட்டாவ."

"ஏட்டி, நான் போயி பஸ்சுல எறங்கினா அவிய என்ன நெனப்பாவ? நீ போ."

கண்டக்டர் கத்தினான். நான் தனியாக ஏறினேன்.

மதாம்மா என்னை ஒரு வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தச் சொல்லிக் கேட்டார். அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு, "உமது கணவர் எங்கே?" என்றார். வழியில் நிற்கிறார் என்றேன். எனக்கு அடுத்தவளாக வந்திருந்தவள் தன் கணவனோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவன் வெளுத்த கோட்டுப் போட்டுக்கொண்டு எந்த நேரமும் சம்மதம் சொல்லத் தயாராக இருந்தான். "பள்ளி விடும் மணி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் அவர்களை அழைப்பேன்" என்றார் மதாம்மா.

பெஞ்சில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு, நான் நடத்திய கணக்கு, நான் முறுக்கிய கம்பி எதற்கும் அங்கே மதிப்பில்லை. ரேடியேட்டரில் ரப்பர் பால் ஊற்றிய அந்த மனுஷன் வந்து வாயைத் திறந்தால்தான் உண்டு. கர்த்தாவே, அவரைக் கொண்டுவாரும் என்று ஜெபித்தேன். அவர் வந்து சேர வேண்டுமென்று நான் உருகி ஜெபித்தது என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் வெளியே கார் ஹாரன் கேட்டது. முன்னால் இரண்டு காளைகள், நடுவில் கயிறு, பின்னால் கார். ரைட்டர் குடை பிடித்திருக்க, என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சன்னலுக்கு ஓடி வந்தார்கள். அவர் இறங்கி, தோளில் கிடந்த நேரியலைச் சரிசெய்துகொண்டு மதாம்மா முன்னால் வந்து நின்றார்.

"எனக்குப் பூரண சம்மதமாக்கும். பெண்ணுங்கள முன்னுக்குக் கொண்டுவரணும், அதாக்கும் என் கொள்கை" என்றார். காளைகளை மதாம்மா பார்த்ததைக் கண்டு, குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை இவ காருல கை வச்சா. அதுதான் இப்படி ஆயிப்போச்சு. நான் ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

மதாம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வேலை எனக்குத்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு பெருந்தன்மை! இவருக்கு நீர் நன்றி சொல்ல வேண்டும்" என்றார்.

நான் இரண்டு கையையும் கூப்பி, "நன்றி" என்றேன். அவர் தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.