விசாரணையில் தெரியவருகிறது

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலுக்காக அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் அனுப்பிக்கொண்டிருந்த உதவித்தொகை நிற்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது எனக்கு முப்பது வயது. பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரைத் தெருவில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். நான் வீட்டில் ரவிக்கை தைப்பேன்.

அப்போதுதான் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் தங்கள் கட்சிக்காரர்களுக்கெல்லாம் ஊனமுற்றோர் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், போலிகளை நீக்கப்போகிறோம் என்றார்கள் புதிதாக வந்தவர்கள். தோற்றவர்களோ, ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று கடைத்தெருவில் மைக் கட்டிக் கத்தினார்கள். நான் இருவரையும் நம்பவில்லை. எனக்குப் பணம் வர ஆரம்பித்தது பழைய ஆட்சியில். அதனால் என்னை அந்தக் கட்சி ஆள் என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்களோ என்பதே என் பயம்.

அதிலிருந்து என் நடையை ஊரே பார்ப்பதுபோல் இருந்தது. முழங்காலில் கையை ஊன்றி நடப்பது என் வழக்கம். கழி எதுவும் தேவைப்பட்டதில்லை. இப்போது ஒரு மூங்கில் கழியை வெட்டி வைத்துக்கொண்டேன். டீக்கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே கூடுதலாகச் சாய்ந்தேன். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டு யாராவது எழுதிப் போட்டுவிடுவார்கள் என்று தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது மிஷினைத் தொடவே மாட்டேன்.

"இருக்கிற நல்ல காலையும் கெடுத்துக்காதடி" என்றாள் அம்மா.

ஒருநாள் தலையாரி வந்து வாசலில் நின்றபடி கேட்டார்.

"உங்கப்பா பேர்ல ஒரு ஏக்கர் இருக்காமே? நெலம் இருக்கிறவங்களுக்கு இனிமே கெடையாதாம்."

அப்பா பண்ணை வேலை பார்த்தவர். பெரிய பண்ணையின் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை அரசாங்கம் எடுத்துக் கொடுத்தபோது அவருக்கும் ஒரு ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. பண்ணைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்பா இறந்தும் வழக்கு முடியவில்லை. பட்டா எங்கள் தகரப் பெட்டியில் கிடந்தது. நிலத்தை உழுதது அவர்கள் டிராக்டர்.

"அதுல நாங்க ஒரு நாத்துகூட நட்டதில்லையே அண்ணே."

"எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியுமா?"

அவர் போனபிறகு, இதை யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பண்ணை வீட்டு ஆளா, மணியார்டர் கொண்டுவரும் தபால்காரரா, கூலி குறைத்துக் கேட்டு என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரியா? ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது.

அடுத்த வாரம் ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். கரை வேட்டியை மடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பயப்படாத தங்கச்சி. ஊருக்கு இத்தனை பேர லிஸ்ட்லேருந்து எடுக்கணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. நெசமா ஊனம் இல்லாதவங்க யாருன்னு தெரிஞ்சா, உன் பேரு போகாம நான் பாத்துக்கிறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எங்கள் தெருக் கோடியில் கண் தெரியாத ஒரு பெரியவர் இருந்தார். பேருந்து நிறுத்தத்தில் வறுத்த கடலை விற்பார். உறவு இல்லை என்றாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். மனைவியும் மகனும் போய்ச் சேர்ந்துவிட, மருமகள்தான் சோறு போட்டுவந்தாள். அதற்கு முந்தைய பொங்கலன்று நான் அவரைக் கடந்து போனபோது, "என்ன ஆயி, புதுப் பொடவையா?" என்று கேட்டிருந்தார். கஞ்சி மொடமொடப்புச் சத்தத்தை வைத்துக் கேட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அது என் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"கடலைக்கார சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கண்ணு தெரியும்னு நெனைக்கிறேன்" என்றேன்.

கிளைச் செயலாளர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பாபநாசம் ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை முகாம் நடந்தது. பல ஊர்களிலிருந்து வந்த கூட்டம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பேச்சே இல்லை. ஒருவர் காலை ஒருவர் பார்ப்பதும், நாம் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால் வேறுபக்கம் திரும்புவதுமாக இருந்தோம். சித்தப்பாவை மருமகள் கைபிடித்து அழைத்து வந்திருந்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது என்று உரக்கச் சொல்லி எழுதச் சொன்னதை நானே கேட்டேன். நான் சொன்னது பொய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும், டாக்டரே எழுதிவிட்டார், இனி என் பேச்சால் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு மணியார்டர் வந்தது. சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்.

"மருத்துவச் சான்று இருப்பினும், ஊர் மக்களிடம் நடத்திய நேரடி விசாரணையில் பயனாளிக்கு ஓரளவு பார்வை உள்ளது எனத் தெரியவருகிறது. எனவே உதவித்தொகை நிறுத்தப்படுகிறது."

நான் சொன்ன ஒற்றை வரியை அரசாங்கத் தமிழில் நானே உரக்கப் படித்தேன்.

"ஊர் மக்கள்னா யாரு ஆயி? பேரு போட்டுருக்கா?"

"போடல சித்தப்பா."

காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் சந்தேகம் மருமகள்மேல் விழுந்தது. அவளுடைய அண்ணன் ஆளும் கட்சியில் இருந்தான். வீட்டு மனையை யார் பேருக்கு எழுதுவது என்று வீட்டில் ஏற்கெனவே மனத்தாங்கலும் இருந்தது. அவள் கொடுக்கும் சோற்றைத் தொடமாட்டேன் என்று தனியாக மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துப் பொங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் வலது கையைச் சுட்டுக்கொண்டு துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலை வறுக்க முடியவில்லை.

மருமகள் என்னிடம் வந்து அழுதாள்.

"நான் சொல்லலக்கா. எம்புள்ளைங்க மேல சத்தியமா சொல்லல."

"தெரியும்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு தெரியும்" என்று மழுப்பினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. நின்றபடியே, "ஒங்களுக்குக் கண்ணு தெரியும்னு சொன்னது நான்தான். எம்பேரு போயிடும்னு பயந்து சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் சுட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவ சொல்லலையா?"

"இல்ல சித்தப்பா."

"இத ஏன் எங்கிட்ட சொல்ற? அவகிட்டப் போயிச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அவள் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த காலை நிறுத்தாமல் நான் சொன்னதைக் கேட்டாள். முடித்ததும், "பத்து நாளா எங்கையால ஒரு வாய் தண்ணி வாங்கல அவரு. இப்ப வந்து சொல்றீங்க" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருஷம் தாலுகா ஆபீசில் மனு வாங்கும் ஜமாபந்தியில் சித்தப்பாவுக்காக மனு எழுதினேன். முன்பு நான் சொன்னது உண்மையல்ல என்று கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். "ஒன்னோடதையும் நிறுத்திடுவாங்கடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மனுவை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்கள யாரு சொல்லச் சொன்னது?"

கிளைச் செயலாளர் நாலடி தள்ளி வேறொருவரிடம் பேசுவதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் சொல்லச் சொல்லலங்க. நானேதான் சொன்னேன்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த இடத்தில் அவ்வளவுதான் எனக்குத் தைரியம் இருந்தது.

சித்தப்பாவுக்குச் சில மாதங்களில் பணம் திரும்ப வந்தது. மருமகள் வீட்டில் சாப்பிடவும் தொடங்கினார். அவள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனாள். சித்தப்பா பேசுவார், ஆனால் மழையைப் பற்றியும் ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றியும் மட்டும்.

எனக்கு நின்றுபோனது. காரணம், குடும்பத்துக்கு நிலம் இருக்கிறதாம். கிளைச் செயலாளர் வீட்டுக்கு நான் போகவில்லை. அம்மா எனக்குத் தெரியாமல் இரண்டுமுறை போய் நின்றுவிட்டு வந்தாள். மூன்றாம் முறை அவர் அம்மாவிடம், பட்டாவைப் பண்ணைக்கு விட்டுக்கொடுத்தால் பேசிப் பார்க்கலாம் என்றாராம். தலையாரியை அனுப்பியதே அதற்காகத்தானோ என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. எதையும் நிரூபிக்க முடியாது. பட்டாவை விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மிஷினை முன்கட்டுக்கு இழுத்துப் போட்டுத் தைத்தேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

நான்கு வருஷம் அப்படியே போனது. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. புது ஆட்சி வந்த மூன்றாம் மாதம், நான் மனு எதுவும் போடாமலே எனக்கு மணியார்டர் வந்தது. நிலம் அப்போதும் அதே பேரில்தான், அதே வழக்கில்தான் இருந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. கையெழுத்துப் போடும்முன் தபால்காரரிடம் மூன்று தடவை கேட்டேன்.

"இது எனக்குத்தானா? யாரு அனுப்பச் சொன்னது?"

"பேரு சரியா இருக்கு. வாங்கிக்கம்மா" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.